பாம்பு பிறந்த ஊர், வளர்ந்த ஊர்

உங்கள் வீட்டு மேஜை டிராயரைக் கொஞ்சம் துழாவிப் பாருங்கள். அறுந்துபோன இயர்போன், எந்தப் பூட்டுக்கு என்றே தெரியாத சாவி, தபால் ஆபீஸ் பாஸ்புக்... இதற்கெல்லாம் அடியில் ஒரு பழைய நோக்கியா போன் கிடக்கும். கிடைத்ததா? பின்பக்க மூடியைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுங்கள். அந்தக் குழியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள்.

என் போனில் 'மேட் இன் இந்தியா' என்று இருந்தது.

அந்த மூன்று வார்த்தையைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

போன மாதம் டிராயரைச் சுத்தம் செய்யும்போது இந்த போன் அகப்பட்டது. தலையில் டார்ச், ரப்பர் கீபேட் வைத்த பழைய மாடல். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பையன் அதை வாங்கி, திரையை விரலால் இப்படியும் அப்படியும் தேய்த்தான்.

"என்னப்பா, டச் போயிடுச்சா?"

"அதுல டச்சே கிடையாதுடா."

"அப்ப கேம்?"

"இருக்கு. பாம்பு."

காட்டலாம் என்று பார்த்தால் பேட்டரி உப்பிப்போய்ப் பலாக்கொட்டை மாதிரி இருந்தது. போன் கண் திறக்கவில்லை. பையனும் போய்விட்டான்.

எனக்கு என்னவோ போலிருந்தது. பஸ் ஸ்டாண்டில், கல்யாண மண்டபத்தில், ஆஸ்பத்திரி வராண்டாவில், ஒரு தலைமுறையே கட்டைவிரல் தேயத் தேய விளையாடிய ஆட்டம். அதைச் சொந்தப் பிள்ளைக்கு ஒரு நிமிஷம் காட்ட முடியவில்லை. தாத்தா காலத்துத் தாயக்கட்டையைக்கூட எடுத்து உருட்டிக் காட்டிவிடலாம். அதற்கு பேட்டரி வேண்டாம்!

இதையெல்லாம் பத்திரமாக வைக்க எங்காவது மியூசியம் உண்டா என்று தேடினேன். உண்டு. ஒன்று இரண்டல்ல. வாருங்கள், விமான டிக்கெட் செலவில்லாமல் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவோம்.

* * *

பழைய மெட்ராஸ்காரர்களுக்கு இரண்டு 'காலேஜ்' தெரியும். மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ் என்று பெயர். எழும்பூர் மியூசியத்துக்கு செத்த காலேஜ்! 1851-ல் தொடங்கிய அந்த மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் பண்ணி வைத்த பறவைகளையும் பாம்புகளையும் பார்த்தவர்கள் வைத்த பெயர். 'தொடாதே' என்ற போர்டுதான் மியூசியத்துக்கே அடையாளம் என்று நாம் பழகிவிட்டோம்.

வீடியோ கேம் மியூசியத்தில் அந்தக் கதை நடக்காது. அங்கே தொட்டே ஆகவேண்டும். ஒரு வீணையைக் கண்ணாடிக்குள் வைத்துவிடலாம். வாசித்தால்தானே ராகம்? விளையாட்டும் அப்படித்தான். விளையாட ஆள் இல்லாத வீடியோ கேம், வெறும் பிளாஸ்டிக் டப்பா. அதனால் ஜாய்ஸ்டிக்கைப் பிடி, பட்டனை அமுக்கு, தோற்றுப் போ, மறுபடி ஆடு என்று கூப்பிடுகிற மியூசியங்கள் இவை.

இந்த வகையில் முன்னோடி பெர்லின். 1997-ல் அங்கே கம்ப்யூட்டர் விளையாட்டுக்கென்றே ஒரு மியூசியம் தொடங்கினார்கள். இடையில் மூடி, 2011-ல் புது இடத்தில் திறந்தார்கள். அமெரிக்காவில் ரோசெஸ்டர் நகரத்து ஸ்ட்ராங் மியூசியம், டெக்ஸாஸில் ஃபிரிஸ்கோ, இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்று பட்டியல் நீளும்.

சரி, தொட்டுப் பார்த்தால் அப்படி என்ன கூடுதலாகத் தெரிந்துவிடும் என்கிறீர்களா?

ஒரு உதாரணம். 1978-ல் ஜப்பானில் டொமோஹிரோ நிஷிகடோ என்பவர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற ஆட்டத்தை உருவாக்கினார். வரிசை வரிசையாக வேற்றுக்கிரகப் பிராணிகள் இறங்கி வரும். நாம் கீழேயிருந்து சுட வேண்டும். ஆட்கள் குறையக் குறைய மிச்சமிருக்கும் பிராணிகள் வேகமெடுக்கும். கடைசி ஒன்று தலைதெறிக்க ஓடும். நமக்கோ நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வேகம் திட்டம் போட்டு வந்ததில்லை. அந்தக் காலத்து சிப்புக்கு அவ்வளவு பிராணிகளை ஒரே நேரத்தில் வரையத் திராணி இல்லை. அவை சாகச் சாக அதன் சுமை குறைந்தது, மிச்சம் ஓட்டம் பிடித்தது. 'அட, இது நன்றாக இருக்கிறதே' என்று நிஷிகடோ அப்படியே விட்டுவிட்டார். மெஷினின் பலவீனமே ஆட்டத்தின் ருசியாகிவிட்டது!

இதைப் புத்தகத்தில் படித்தால் தகவல். பட்டனில் கை வைத்து ஆடினால்தான் புரியும்.

இந்த வரலாறு ஒன்றும் ரொம்ப நீளமில்லை. 1958-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆராய்ச்சிக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்ற விஞ்ஞானி, பார்வையாளர் தினத்துக்கு வருகிறவர்களுக்குப் பொழுதுபோகட்டுமே என்று ஆசிலாஸ்கோப் திரையில் ஒரு டென்னிஸ் ஆட்டம் செய்து வைத்தார். 1962-ல் எம்.ஐ.டி. பையன்கள் அறையை அடைக்கும் கம்ப்யூட்டரில் 'ஸ்பேஸ்வார்' ஆடினார்கள். 1972-ல் அடாரி கம்பெனியின் 'பாங்' வந்தது. ஒரு பாரில் முதல் மெஷினை வைத்தார்கள். சில நாளில் மெஷின் ரிப்பேர் என்று போன். போய்த் திறந்து பார்த்தால், உண்டியல் நிரம்பி வழிந்து காசு அடைத்துக்கொண்டிருக்கிறது!

காசு வந்த இடத்தில் கண்மண் தெரியாத போட்டியும் வரும். வந்தது. 1983-ல் அமெரிக்காவில் இந்தத் தொழிலே படுத்துவிட்டது. விற்காத கேசட்டுகளை லாரி லாரியாகக் கொண்டுபோய் நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில், அலமகோர்டோ என்ற ஊர்க் குப்பைமேட்டில் புதைத்தது அடாரி. முப்பது வருஷம் கழித்து, 2014-ல், அதே குப்பைமேட்டைத் தோண்டினார்கள். கீழடியில் தோண்டுகிற மாதிரிதான். கேசட்டுகள் கிடைத்தன. அதில் ஒன்று இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

நேற்றைய குப்பை, இன்றைய வரலாறு. நடுவில் தேவைப்பட்டது தோண்டிப் பார்க்க ஒரு ஆள், அவ்வளவுதான்.

தோண்ட ஆளில்லாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அங்கே வெளிவந்த பழைய விளையாட்டுகளில் 87 சதவிகிதம் இன்று கடையில் முறையாக வாங்கவே கிடைக்காது என்பது அதன் முடிவு. சினிமா பெட்டி எரிந்துபோய்ப் பழைய தமிழ்ப் படங்களை இழந்தவர்கள் நாம். நமக்கு இந்த வலி புரியும்.

நம் ஊருக்கும் இதில் ஒரு அத்தியாயம் உண்டு. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். டி.வி.யில் மாட்டி விளையாடுகிற டப்பா. ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பர்மா பஜாரிலும் பேரம் பேசி வாங்கிய மஞ்சள் கேசட். 'உள்ளே பத்து லட்சம் கேம்' என்று எழுதியிருக்கும், திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான் வரும்! படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி வாயால் 'ஃபூ' என்று ஊதி மறுபடி செருகுவோம். வீட்டில் டப்பா வாங்க வசதியில்லாதவர்களுக்குத் தெருமுனையில் மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு ஆடவிடும் வீடியோ கேம் கடை.

அந்தக் கடைகளின் ஒரு போர்டையாவது யாராவது எடுத்து வைத்திருப்பார்களா? சந்தேகம்தான்.

* * *

இப்போது நம்ம பாம்புக்கு வருவோம்.

பாம்பு வளர வளர நீளும், தன் வாலிலேயே மோதிக்கொண்டால் அவுட் என்ற யோசனை பழசு. 1976-ல் அமெரிக்காவில் கிரெம்லின் கம்பெனி போட்ட 'பிளாக்கேட்' ஆட்டம் இதற்குப் பாட்டன். ஆனால் அதைக் கோடானுகோடி சட்டைப் பைகளுக்குள் கொண்டுவந்தவர் டனேலி அர்மான்டோ. பின்லாந்துக்காரர், நோக்கியாவில் இன்ஜினீயர். 1997-ல் வரவிருந்த 6110 போனுக்கு விளையாட்டு வேண்டும் என்று அவரிடம் சொன்னார்கள். முதலில் டெட்ரிஸ் போடலாம் என்ற பேச்சு இருந்தது. உரிமைப் பணத்தில் ஒத்துவரவில்லை. அந்த இடத்துக்கு வந்ததுதான் பாம்பு.

ஒரு தமாஷ் கேளுங்கள். பின்லாந்தில் அதைப் பாம்பு என்று யாரும் சொல்வதில்லை. அவர்கள் வைத்த பெயர் 'மாட்டோபெலி'. புழு விளையாட்டு! அங்கே புழுவாக இருந்தது, கடல் தாண்டி நம் ஊருக்கு வந்ததும் படமெடுத்துவிட்டது.

அர்மான்டோ அந்த ஆட்டத்துக்குள் ஒரு சின்னக் கருணையை ஒளித்து வைத்தார். பாம்பு சுவரில் முட்டியதும் உடனே சாகாது. கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாக ஒரு அவகாசம் தரும். அதற்குள் திருப்பிவிட்டால் தப்பித்தீர்கள். 'ச்சே, ஜஸ்ட் மிஸ்!' என்று நாமெல்லாம் நம் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டோமே, அதில் பாதி அந்த மனிதர் போட்ட பிச்சை. அவர் சொல்லித்தான் வெளியே தெரிந்தது.

அந்த அவகாசத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி தேவைப்படும்.

பின்லாந்தில் டாம்பெரே என்று ஒரு தொழில் நகரம். நமக்குக் கோயம்புத்தூர் மாதிரி. நாம் கோவையைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்கிறோம். அவர்கள் டாம்பெரேயைப் பின்லாந்தின் மான்செஸ்டர் என்கிறார்கள். ஊர் நடுவே டாம்மெர்கோஸ்கி என்று ஒரு ஆற்றுப் பாய்ச்சல். அந்தத் தண்ணீர் விசையை நம்பி மில்கள் முளைத்தன. 1865-ல் ஃப்ரெட்ரிக் இடெஸ்டாம் என்ற சுரங்க இன்ஜினீயர் அங்கே ஒரு மரக்கூழ் ஆலை தொடங்கினார். சில வருஷத்தில் பக்கத்திலிருந்த இன்னொரு சிற்றூரில் இரண்டாவது ஆலை. அந்த ஊரின் பெயர் நோக்கியா! கம்பெனிக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. மரக்கூழ், காகிதம், ரப்பர் பூட்ஸ், கேபிள் என்று சுற்றிச் சுற்றி, கடைசியில் போனுக்கு வந்தார்கள்.

அதே ஆற்றங்கரையில் டாம்பெல்லா என்ற பெரிய இன்ஜினீயரிங் தொழிற்சாலை இருந்தது. அது ஓய்ந்த பிறகு இடித்து அபார்ட்மென்ட் கட்டிவிட்டுப் போகாமல், அதன் ஒரு பகுதியை மியூசியம் ஆக்கினார்கள். பெயர் 'வாப்ரீக்கி'. பழைய பேச்சுவழக்கில் அதற்கு அர்த்தம், தொழிற்சாலை! அந்தக் கூரைக்குக் கீழேதான் 2017 ஜனவரியில் பின்லாந்து விளையாட்டு மியூசியம் திறந்தது. அரசாங்கத்தை மட்டும் நம்பாமல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டார்கள். உள்நாட்டில் உருவான நூறு விளையாட்டுகளைத் தேர்ந்தெடுத்து வைத்தார்கள். பெரும்பாலானவற்றை அங்கேயே ஆடலாம். 'ஆங்ரி பேர்ட்ஸ்' உண்டு. நம்ம பாம்பும் உண்டு.

ஒரு தொழிற்சாலை மூடியது. அந்தச் சுவர்களுக்குள் ஒரு வரலாறு குடியேறியது. பாம்பு பிறந்த மண்ணில் பாம்புக்கு மரியாதை.

நல்லது. பாம்பு வளர்ந்த மண்ணில் என்ன மரியாதை?

* * *

தாம்பரம் தாண்டி செங்கல்பட்டு மார்க்கத்தில் எலெக்ட்ரிக் ரயிலில் போனால் மறைமலை நகர். தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊர். ஃபோர்டு கார் கம்பெனி தொண்ணூறுகளில் இங்கே ஆலை போட்டது. 1999-ல் வந்த 'ஐகான்' கார் இங்கே பிறந்ததுதான். 2022-ல் அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. எஞ்சின் தயாரிக்க மறுபடி வருகிறோம் என்று 2025-ல் அறிவித்தார்கள்.

அடுத்த ஸ்டேஷன் சிங்கப்பெருமாள் கோவில். அங்கிருந்து வடமேற்கே பிரியும் ரோட்டில் போனால் ஒரகடம். அதையும் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் அவதரித்த ஊர். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழித்துப் பரமபதம் ஆடுகிற மரபில் வந்தவர்களுக்கு, ஏணியும் பாம்பும் புதுசா என்ன?

அந்த ஊருக்கு 2006-ல் ஒரு பெரிய ஏணி வந்தது.

2005 ஏப்ரலில் தமிழக அரசும் நோக்கியாவும் ஒப்பந்தம் போட்டன. சிப்காட் வளாகத்தில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இடம். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 2006 ஜனவரியில் போன் வெளியே வந்துவிட்டது. மார்ச்சில் திறப்பு விழா. பின்னாலேயே சார்ஜர் செய்பவர், உறை செய்பவர், உதிரி பாகம் செய்பவர் என்று ஒரு பட்டாளமே வந்து சேர்ந்தது. நோக்கியாவுக்கு இந்தியாவில் இருந்த ஒரே போன் தொழிற்சாலை அது. ஆக, அந்த வருஷங்களில் வந்த நோக்கியாவின் ஸ்டிக்கரில் 'மேட் இன் இந்தியா' என்று இருந்தால், அது ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தது என்று அர்த்தம். என் டிராயர் போன் உள்பட!

உச்சத்தில் நேரடியாக மட்டும் எட்டாயிரம் பேர்வரை வேலை பார்த்தார்கள். அதில் பெரும்பாலும் பெண்கள். ப்ளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்துவிட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். வீட்டிலேயே முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கிய பிள்ளைகள் அதில் எத்தனையோ பேர். விடிவதற்கு முன்னாலேயே கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். நிலைமின்சாரம் தாக்காத கோட்டு, தலையில் தொப்பி, மணிக்கட்டில் பட்டை. வரிசையில் வந்து நிற்கும் போனுக்குத் திரை மாட்டுவது, கீபேட் பொருத்துவது, ஆன் செய்து பரிசோதிப்பது, ஸ்டிக்கர் ஒட்டுவது. கோடிக்கணக்கான போன்கள். உள்நாட்டுக்கு மட்டுமில்லை, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா என்று கப்பலேறிய போன்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதாவது ஒரு விளையாட்டு. அந்த வருஷங்களில் உலகத்தின் பாதிப் பொழுதுபோக்கு இந்தப் பெண்களின் விரல் வழியாகத்தான் போனது என்று சொன்னால், கொஞ்சம் மிகை. கொஞ்சம்தான்.

எல்லாம் இனிப்பாக இருந்ததா என்றால், இல்லை. சம்பள உயர்வுக்கும் சங்கத்துக்கும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 2010 அக்டோபர் கடைசி நாளில் ஒரு இளம்பெண் வேலையிடத்தில் இயந்திரத்தில் சிக்கி இறந்துபோனார். போன் மலிவாகக் கிடைக்கும்போது நாம் கொடுத்த விலை மட்டும்தான் நமக்குத் தெரிகிறது.

பிறகு பாம்பு வந்தது. பரமபதப் பாம்பு.

நான் பி.காம். படித்தவன். அதனால் அடுத்த பகுதி எனக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வலிக்கும். 2013 ஜனவரியில் வருமான வரித் துறை சோதனை. போனுக்குள் போடுகிற சாஃப்ட்வேருக்காகப் பின்லாந்துத் தாய்க் கம்பெனிக்கு இங்கிருந்து பணம் போகிறதே, அது ராயல்டிதானே, அதில் வரி பிடித்தம் செய்தீர்களா என்பதுதான் கேள்வி. கேட்ட தொகை இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். நோக்கியா மறுத்தது. கொஞ்சம் யோசியுங்கள்: அந்த சாஃப்ட்வேரில் ஒரு துளி, நம்ம பாம்பு! கட்டைவிரலில் ஊர்ந்தது கணக்குப் புத்தகத்திலும் ஊர்ந்திருக்கிறது.

அதே வருஷம் செப்டம்பரில் நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்க ஒப்புக்கொண்டது. அடுத்தபடியாகத் தமிழக அரசும் விற்பனை வரி என்று 2,400 கோடி கேட்டது. 2014 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட், ஆலையைக் கைமாற்ற வேண்டுமென்றால் 3,500 கோடிக்கு உத்தரவாதம் கொடு என்றது. ஏப்ரலில் உலகம் முழுக்கப் போன் தொழில் கைமாறியபோது, ஸ்ரீபெரும்புதூர் மட்டும் யாருக்கும் போகாமல் நின்றது. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வெளியேறினார்கள். மிச்சமிருந்த சில நூறு பேருக்கும் 2014 நவம்பர் 1-ஆம் தேதியோடு வேலை முடிந்தது.

விருப்ப ஓய்வு! இருபத்தைந்து வயதில்!

அந்த வருமான வரித் தகராறு 2018-ல் இரு நாட்டு அரசுகளும் பேசித் தீர்த்துக்கொண்டன. ஆலை? ஐந்து வருஷம் பூட்டிக் கிடந்தது. 2019-ல் அந்த வளாகத்தை சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. மறுபடி வேலை, மறுபடி பஸ். சந்தோஷம். அதே நெடுஞ்சாலையில் சுங்குவார்சத்திரம் பக்கம் இன்று ஐபோன் தயாராகிறது. மறுபடியும் ஆயிரக்கணக்கில் பெண்கள். நாளைக்கு என் பையன் ஆடப்போகிற ஆட்டமும் அவர்கள் கை பட்டுத்தான் வரும்.

* * *

போன வாரம் மறைமலை நகரில் ஒரு கிரகப்பிரவேசம். போகிற போக்கில் பேட்டரி கிடைக்குமா பார்ப்போம் என்று போனையும் பையில் போட்டுக்கொண்டேன். சாப்பாடு முடிந்து ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் ஒரு சின்ன மொபைல் சர்வீஸ் கடை. கல்லாவில் முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதில் ஒரு பெண்.

போனை நீட்டினேன். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். வாங்கியவர் அதைக் குனிந்து பார்க்கவேயில்லை. என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே, கட்டைவிரலால் ஒரு தள்ளு. மூடி வந்துவிட்டது. நகத்தால் ஒரு நெம்பு. பேட்டரி வெளியே.

"இந்தப் பேட்டரி இப்பவும் வருது சார். ரேடியோவுக்கு, ஸ்பீக்கருக்கு எல்லாம் போடறாங்க" என்றவர், ஸ்டிக்கரைப் பார்த்தார். "எங்க லைன்ல போனதாக்கூட இருக்கலாம்."

"நீங்க அங்கயா இருந்தீங்க?"

"நாலு வருஷம் சார். டெஸ்டிங். ஆன் பண்ணுவோம், கீ ஒவ்வொண்ணா அமுக்குவோம், அடுத்ததுக்கு அனுப்புவோம். கண்ணு வேற எங்கியோ இருக்கும், கை பாட்டுக்குப் போகும்."

புது பேட்டரி போட்டார். இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் அந்தப் பழைய படம் வந்தது. அதற்கே உரிய அந்த ட்யூன் வந்தது. கடைக்கு ரீசார்ஜ் பண்ண வந்த ஒரு பெரியவர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"பாம்பு ஆடுவீங்களா?" என்றேன்.

"அங்க ஏது சார் நேரம்? எங்க அண்ணன் போன்ல ஆடுவேன், ஞாயித்துக்கிழமை." சொல்லிக்கொண்டே மெனுவுக்குள் போய்ப் பாம்பைத் திறந்தார். நாலைந்து திருப்பம். பாம்பு நீண்டது. ஒரு கஸ்டமர் வந்துவிட்டதால் போனை என்னிடம் நீட்டினார். "கை மறக்கல பாருங்க."

பெர்லினிலும் டாம்பெரேயிலும் கோடி கோடியாகச் செலவழித்து எதைக் காட்டப் பார்க்கிறார்களோ, அது இங்கே ஒரு எட்டுக்கு எட்டு கடையில் உட்கார்ந்திருந்தது. தொட்டால் உயிர் பெறும் வரலாறு. உயிர் காலேஜ்!

உலகத்து வீடியோ கேம் மியூசியங்களில் ஆட்டத்தை யோசித்தவருக்கு இடம் இருக்கிறது. சரிதான், அர்மான்டோவுக்கு அது சேரவேண்டியதே. ஆடியவர்களின் ஞாபகங்களுக்கும் இடம் இருக்கிறது. அந்தப் பெட்டியைக் கோத்துப் பூட்டிய கைகளை எங்கே தேடுவது? அவர்கள் பெயர் எந்த ஸ்டிக்கரிலும் கிடையாது. 'மேட் இன் இந்தியா'. ஊர்கூட இல்லை, நாடுதான்.

இந்த மறைமலை நகர் - ஒரகடம் - ஸ்ரீபெரும்புதூர் பாதையில் ஒரு மியூசியம் கட்ட மாளிகை வேண்டாம். ஒரு பெரிய ஹால் போதும். கம்பெனி பஸ்ஸின் ஒரு சீட்டு. அடையாள அட்டை. கோட்டு, தொப்பி. ஒரு பெண்ணின் முதல் சம்பளச் சீட்டு, அதை வைத்து அவர் வாங்கிய கம்மலின் ரசீது. விருப்ப ஓய்வுக் கடிதத்தின் ஒரு நகல். இந்த ரோட்டில் பிறந்த கார்களும் போன்களும். நடுவில் ஒரு நிஜ அசெம்பிளி லைன். வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, ஆளுக்கொரு பாகத்தைக் கொடுத்து, ஒரு போனைப் பூட்டச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்க ஆயிரக்கணக்கான டீச்சர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கிறார்கள். கடைசிப் பிள்ளை பட்டனை அமுக்கும்போது திரையில் பாம்பு ஊர வேண்டும். என் பையனை முதல் ஆளாக நான் கூட்டி வருகிறேன்.

பாம்பு சுவரில் முட்டிய பிறகும் ஒரு அவகாசம் உண்டு என்றேனே? அதில்தான் நாம் இப்போது இருக்கிறோம். ஆலை மூடிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பெண்கள் இன்னும் முப்பதுகளில், நாற்பதுகளில் இருக்கிறார்கள். கை மறக்கவில்லை. கேட்டால் சொல்வார்கள். இன்னும் கொஞ்ச காலத்தில் அடையாள அட்டை தொலையும், போன் கரையும், கையும் மறக்கும். அப்போது அலமகோர்டோ மாதிரி தோண்டிப் பார்த்தால்கூட ஒன்றும் அகப்படாது.

கட்டைவிரல் பட்டன் மேல்தான் இருக்கிறது. திருப்ப வேண்டியதுதான் பாக்கி.

அதுவரைக்கும், டிராயரில் அந்த போனைத் தேடி எடுத்தீர்களே... தயவுசெய்து காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். உப்பிய பேட்டரியை மட்டும் கழற்றி அப்புறப்படுத்துங்கள். ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள்.